கதிர்காமநாதனும் இல்லையென்று சொன்ன இயந்திரமும்

பதுளைக்கு வந்த முதல் கம்ப்யூட்டரை நான்தான் என் சேலைத் தலைப்பால் துடைத்து ஓட வைத்தேன் என்று குடும்பத்தில் பலரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். துடைத்தது உண்மை. பிறகு அது ஓடியதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களில் நடந்ததெல்லாம் கதிர்காமநாதனைச் சேர்ந்தது. அது பதுளையின் முதல் கம்ப்யூட்டர்தானா என்று கேட்டால் அதுவும் எனக்குத் தெரியாது. அதற்கு முன் ஒன்றை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஊவாத் தேயிலைத் தோட்டங்களின் கணக்குவழக்கைப் பார்க்கும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கதிர்காமநாதன் கிளார்க், நான் தட்டெழுத்தாளர். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அதில் இருந்தவர்கள் சிலர் இன்னும் பென்ஷன் வாங்குகிறார்கள். அவருடைய மேசைக்கும் என்னுடைய மேசைக்கும் நடுவில் ஒரு ஜன்னல். வீடும் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. ஆகையால் அவரைப் பற்றி எழுத எனக்கு அலுவலக உரிமையும் உண்டு, அயல் உரிமையும் உண்டு.

அவர்கள் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்து பதுளைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்த குடும்பம். அப்பா காலமான பிறகு கடை மூத்த மகன் கணபதியின் கையில் வந்தது. ஆணி, பூட்டு, கூரைத் தகரம், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, லாந்தர் திரி என்று தோட்டத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தது. லுணுகலையிலிருந்தும் பசறையிலிருந்தும் தோட்டத்து ஆட்கள் சம்பளம் போட்ட மறுநாள் வந்து நிற்பார்கள். கதிர்காமநாதன் பள்ளிப்படிப்பு முடிந்து கடையில் நின்ற முதல் நாள், கணபதி அவரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, முன்னால் இருந்த இரண்டு தட்டுகளைக் காட்டி, "இந்த ரெண்டு தட்டும் உன் பொறுப்பு" என்றார்.

அந்த வார்த்தையைக் கதிர்காமநாதன் மந்திரம் மாதிரி எடுத்துக்கொண்டார். யார் எதைக் கேட்டாலும் முதல் தட்டைப் பார்ப்பார். பிறகு இரண்டாவது தட்டைப் பார்ப்பார். பிறகு மிகுந்த மரியாதையுடன் "இல்லைங்க" என்பார். பின்கட்டில் ஒரு கிடங்கு இருந்தது. மாடியில் இன்னொன்று இருந்தது. அவற்றை அவருக்கு யாரும் காட்டவில்லை. ஒருநாள் லுணுகலைக் கங்காணி ஒருவர் கவ்வாத்துக் கத்தி கேட்டு வந்தார். கதிர்காமநாதன் இரண்டு தட்டையும் பார்த்து இல்லை என்று அனுப்பிவிட்டார். அப்போது பின்கிடங்கில் சாக்கு சாக்காகக் கவ்வாத்துக் கத்தி கிடந்தது. எதிர்க்கடை மர்ஸூக் ஹாஜியார் கணபதியின் பின்கதவால் வந்து அதில் சிலவற்றை வாங்கித் தன் முன்கதவால் கங்காணிக்கு விற்றார்.

"டேய், உனக்கு இருக்கிறது ரெண்டு கண்ணா, ரெண்டு தட்டா?" என்று கணபதி கத்தினார்.

"நீதானே அண்ணே ரெண்டு தட்டுன்னு காட்டின?"

"மாடியில ஏறிப் பார்க்கக் கூடாதாடா?"

"மாடி என் பொறுப்புன்னு சொல்லலியே."

அவரைத் தேடி வந்த ஒருவரிடம், இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு, "கதிர்காமநாதன் இல்லைங்க" என்று அவரே சொல்லி அனுப்பினார் என்றும் ஒரு கதை உண்டு. அந்தக் கதையை உண்டாக்கியது நான். ஆனால் பதுளையில் அதை நம்பாதவர் ஒருவரும் இல்லை.

அறுபதுகளின் கடைசியில் அவர் அரசாங்கப் பரீட்சை எழுதினார், தேறினார், எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கடையிலிருந்து கிளம்பிய அன்று கணபதி கல்லாவை விட்டு எழும்பவில்லை. "போ. அங்கயும் துரத்துவாங்க. திரும்பி வருவ. ஸ்டூல் இங்கயே கிடக்கும்" என்றார். ஸ்டூல் அப்படியே கிடந்தது. அதில் வேறு யாரும் உட்கார அனுமதி இல்லை. கதிர்காமநாதன் காலையில் அலுவலகத்துக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். வருஷக்கணக்காக ஒரு காலி ஸ்டூல் ஒரு மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில நாட்களில் அவர் அந்த இடத்தில் மட்டும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடப்பார், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அலுவலகத்தில் அவர் எடுத்த பெயர் நல்ல பெயர். கையெழுத்து அச்சு மாதிரி. லஞ்சம் கிடையாது, லீவு கிடையாது. ஒரே ஒரு விஷயம்: ஏதாவது ஒரு ஃபைல் கேட்டால் தன் மேசையைப் பார்ப்பார், தன் அலுமாரியைப் பார்ப்பார், இல்லை என்பார். ஆகவே நாங்கள் எல்லோரும் எதையும் அவர் மேசையிலோ அலுமாரியிலோ கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் அவரிடம் கேட்கப் பழகிக்கொண்டோம். கேட்ட உடனே எடுத்துத் தருவார். புதிதாக வந்த மேலதிகாரிகள் அவரை மகா கெட்டிக்காரர் என்று நினைத்தார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு ஏதோ ஒரு வெளிநாட்டுத் திட்டத்தில் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தது. யூனிக்ஸ் ஜாதி இயந்திரம் என்றார்கள். மாட்டுக் கன்று அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து வயர் போட்டு இரண்டு திரைகள், திரையில் பச்சை எழுத்து. அதற்கென்று ஓர் அறை காலி செய்து, அறையைக் குளிர வைக்கும் குளிர்பெட்டி பூட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கோயில் என்று நினைத்து ஒரு கங்காணி வாசலில் தேங்காய் உடைக்க வந்தார். இது நான் கூட்டிச் சொன்னதில்லை.

கதிர்காமநாதனின் மேசை சுத்தமாக இருக்கும் என்ற காரணத்தால் கம்ப்யூட்டருக்கு அவரையே பொறுப்பாக்கினார்கள். அவருடைய பழைய நாற்காலிக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். கடைவீதி முழுக்கச் செய்தி பரவியது. அன்று மாலை அவர் குடையில்லாமல் கடையைத் தாண்டி நடந்தார்.

இயந்திரத்தைப் பூட்டிக் கொடுக்கக் கொழும்பிலிருந்து ஸரூக் என்ற பொறியியலாளர் வந்து ஒரு வாரம் ரெஸ்ட் ஹவுஸில் தங்கினார். கெட்டிக்காரப் பிள்ளை, பேச்சு மட்டும் ரயில் வேகம். தோட்டத்து ஆட்களின் நாள்வேலைப் பதிவுக்கு செக்ரோல் என்று பெயர். அந்தக் கணக்கைப் போடும் மென்பொருளுக்கும் அதே பெயரை வைத்து, இயந்திரத்துக்குள் ஏற்றினார். போகிற அன்று எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து, 'செக்ரோல்' என்று அடித்துக் காட்டினார். திரை முழுக்கக் கொஸ்லந்தைத் தோட்டங்களும் லுணுகலைத் தோட்டங்களும் வரிசையாக இறங்கின. எங்கள் மேலதிகாரி பெரிய சேர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். ஸரூக் மேலும் ஏதேதோ சொன்னார். ஆளுக்கு ஆள் தன் தன் பெயரில்தான் உள்ளே போக வேண்டும், இன்னொருவர் பெயரில் போகக்கூடாது என்றது மட்டும் எங்களுக்கு விளங்கியது. கொழும்புக்குப் போனார், அங்கிருந்து அதே வாரம் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார்.

மறுநாள் காலை கதிர்காமநாதன் விபூதி பூசி, தன் பெயரில் உள்ளே போய், 'செக்ரோல்' என்று அடித்தார்.

'செக்ரோல்: நொட் ஃபவுண்ட்' என்று ஒரே ஒரு வரி வந்தது.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "என்ன சொல்லுது?"

"இல்லைன்னு சொல்லுது, மிஸ்."

"நேத்து இருந்துச்சே?"

"நேத்து இருந்தது நேத்து. ஸரூக் சேர் போகும்போது கையோட கொண்டு போயிருப்பாரு."

"எதுல கொண்டு போனாரு, சூட்கேஸ்லயா? இன்னொரு தடவை அடிங்களேன்."

"எதுக்கு மிஸ்? ஒரு தடவை பார்த்துட்டு இல்லைன்னு சொல்லிருச்சு. மறுபடி கேட்டா மரியாதை இல்ல."

வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் அடித்திருப்பார்கள், தட்டியிருப்பார்கள், திட்டியிருப்பார்கள். கதிர்காமநாதன் அதை முழுசாக நம்பினார். வாழ்நாளில் முதன்முறையாகத் தன்னைப் போலவே நடந்துகொள்ளும் ஒருவரை அவர் சந்தித்திருந்தார். பெரிய சேரிடம் போய் "மென்பொருள் இல்லை" என்று அறிவித்தார். பெரிய சேர் கொழும்புக்கு அறிவித்தார். கதிர்காமநாதன் இல்லை என்றால் இல்லைதான் என்று அவருக்கும் ஒரு நம்பிக்கை.

கொழும்பில் சில வாரம் யோசித்துவிட்டு ஒரு முடிவு சொன்னார்கள். மென்பொருள் இல்லாத இயந்திரம் பதுளையில் சும்மா கிடப்பதைவிட மலைநாட்டில் வேறொரு அலுவலகத்துக்குக் கொடுப்பது நல்லது, லொறி அனுப்புகிறோம், பொருள் சரிபார்த்து ஒப்படையுங்கள். இயந்திரம் போனால் இயந்திரப் பொறுப்பாளர் என்ற பதவியும் போகும். பழைய நாற்காலியில் வேறு ஆள். காலியாக இருந்த வேலை தூரத்து அனுராதபுரத்தில்தான். அவருடைய மனைவி சந்திரகாந்தி பதுளையில் ஆசிரியை, மாமியார் படுத்த படுக்கை. அனுராதபுரத்துக்குப் போக வழியில்லை என்றால் ராஜினாமா. ராஜினாமா என்றால் ஸ்டூல்.

இதைக் கணபதிக்கு யார் சொன்னார்களோ தெரியாது, அன்று மாலையே அவர் அந்த ஸ்டூலைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். கதிர்காமநாதனும் நானும் ஒன்றாக வந்துகொண்டிருந்தோம். அவர் குடையைத் தேடினார், அது அலுவலகத்தில்.

"வாடா, வா," என்றார் கணபதி, பிரஷை ஸ்டூலிலிருந்து எடுக்காமலே. "இப்பவே உட்கார்ந்திராத, ஒட்டிக்கும். காயட்டும். அவசரமில்ல."

"நான் இன்னும் வேலையை விடல, அண்ணே."

"நான் விடச் சொன்னேனா? ஸ்டூலுக்கு வார்னிஷ் அடிக்கிறேன். கடைச் சாமானுக்கு வார்னிஷ் அடிக்க உன் பெரிய சேர்கிட்ட கேட்கணுமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், மெசினே இவன மாதிரி இல்லைன்னு சொல்லுதாமே? எங்கப்பா இன்னொரு புள்ள பெத்து வெளிநாட்டுல விட்டுட்டு வந்தாரோ?"

நான் சிரிக்கக் கூடாது என்று முயற்சி செய்தேன். முயற்சி செய்தேன் என்றே எழுதுகிறேன். அன்றிரவு கதிர்காமநாதன் சாப்பிடவில்லை என்று சந்திரகாந்தி சொன்னாள்.

ஒப்படைப்பதற்கு முன் பொருள் சரிபார்க்க ஆள் வந்தார். பண்டாரவளைக்காரர், ஹுமைத் என்று பெயர். அரசாங்கத்தில் பொருள் சரிபார்ப்பது என்றால் சிலர் வாசலில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போவார்கள். ஹுமைத் அந்த ரகம் இல்லை. எந்த அறையானாலும் உள்ளே போய், எந்த அலுமாரியானாலும் திறந்து, உள்ளே இருப்பதைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு தோட்டத்துப் பங்களாவில் சரிபார்க்கப் போய் மேசைக்கடியில் படுத்திருந்த துரையின் நாயையும் அரசாங்கப் பொருளாக எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அந்த நாயைப் பட்டியலிலிருந்து நீக்க மூன்று வருஷம் கடிதப் போக்குவரத்து நடந்தது என்பார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

பெட்டியைச் சுற்றி வந்தார். தட்டினார். "இதுக்குள்ள என்ன இரிக்கி?"

"மென்பொருள், சேர். கண்ணுக்குத் தெரியாது."

"தெறந்து காட்டுங்க."

"இது அலுமாரி இல்ல, சேர்."

"உள்ளுக்குச் சாமான் இரிக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப அலுமாரிதான். நாற்காலி போடுங்க."

நான் ஒரு நாற்காலி போட்டேன். எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன். இதைத் தவறவிட என்னால் முடியாது.

இயந்திரத்துக்குள் அறை அறையாகப் பிரித்து வைத்திருப்பார்கள், அறைக்குள் அறையும் இருக்கும். ஓர் அறைக்குள் போகவும், உள்ளே இருப்பதைத் திரையில் காட்டவும் என்ன அடிக்க வேண்டும் என்று ஸரூக் அந்த ஒரு வாரத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கதிர்காமநாதன் முதல் அறையைக் காட்டினார், இரண்டாவது அறையைக் காட்டினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார்.

"முடிஞ்சிது, சேர்."

"இந்தப் பெரிய பெட்டிக்கு ரெண்டே அறையா?"

"நாம அடிக்கிறதெல்லாம் இந்த ரெண்டுலதான், சேர், இருக்கும்."

"நீங்க எங்க அடிக்கிறீங்கன்னு நான் கேட்கல்ல தம்பி. ஒங்கட வீட்டுல நீங்க படுக்கிற அறை ஒன்டுதான். அதுக்காக மத்த அறையெல்லாம் இடிஞ்சா போச்சு? எல்லாத்தையும் காட்டுங்க."

காட்டத் தொடங்கினார். இரண்டெழுத்திலும் மூன்றெழுத்திலும் என்னென்னவோ பெயர்கள் இறங்கின. ஹுமைத் ஒவ்வொன்றுக்கும் விரலை வைத்தார். "இது என்ன?" "தெரியாது, சேர்." "இது?" "தெரியாது." அவர் தன் உதவியாளர் இல்லாத குறைக்கு என்னிடம், "எழுதுங்க மிஸ். தெரியாதது, ஒன்டு. தெரியாதது, இன்னொன்டு" என்றார். டீ வந்தது. மறுபடி டீ வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கதிர்காமநாதனின் சட்டை குளிர்பெட்டிக்குக் கீழேயே வியர்த்து நனைந்திருந்தது. லொறி வரப்போகிறது, இவர் பொறுமையாகத் தன் வேலையை எடுத்துக்கொண்டு போகப்போகும் பெட்டியை மூலை முடுக்கெல்லாம் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஓர் அறைக்குள் இருந்த இன்னோர் அறைக்கு 'லோக்கல்' என்று பெயர் இருந்தது.

"லோக்கல்னா உள்ளூர்ச் சாமான். அதையும் தெறங்க," என்றார் ஹுமைத்.

அதற்குள் மறுபடி ஓர் அறை. அதற்குள் நாலைந்து பெயர்கள். நடுவில் ஒன்று, செக்ரோல்.

பிறகு கதிர்காமநாதன் அந்த அறையை விட்டு வெளியே வந்து, 'செக்ரோல்' என்று அடித்தார்.

'செக்ரோல்: நொட் ஃபவுண்ட்.'

ஹுமைத் எழும்பியே விட்டார். "யா அல்லாஹ்! நான் இந்தக் கண்ணால இப்பத்தான் பார்த்தேன். மிஸ்ஸும் பார்த்தாங்க. மொகத்துக்கு நேர நின்டு இல்லைன்டு சொல்லுது! என்ன நெஞ்சழுத்தம்! பொய் சொல்ற சாமான நான் எப்படி நல்ல நிலைமையில இரிக்கின்டு எழுதுவேன்? பழுதுன்டு எழுதி ஏத்தி அனுப்பப் போறேன்."

கதிர்காமநாதன் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"பொய்யில்லைங்க! அது பொய் சொல்லல!"

"பின்ன?"

"அதுக்கு யாரும் காட்டல, சேர்! ரெண்டு அறையைக் காட்டி, இதுல பாருன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. அது முதல் அறையைப் பார்க்கும், ரெண்டாவது அறையைப் பார்க்கும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லும். மத்த அறை அதுக்கு எப்படித் தெரியும்? சொன்னாத்தானே தெரியும்? நான் எங்கண்ணன் கடையில இப்படித்தான், சேர், இருந்தேன். பின்னால கிடங்கு நெறையச் சாமான். என்கிட்ட கேட்டா இல்லைம்பேன். திருடனும் இல்ல, பொய்யனும் இல்ல. எனக்குக் காட்டினது ரெண்டு தட்டு."

ஹுமைத் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "தோட்டத்துல பெரட்டுக் களத்துல காலையில பேர் கூப்பிடுற மாதிரி," என்றார் மெதுவாக. "களத்துல நின்டவனுக்குப் பேர் விழும். மேல் லயத்து வீட்டுல இரிக்கிறவன் ஆளே இல்ல."

"அதேதான், சேர்."

"அப்ப மேல் லயத்துல போய்க் கூப்பிடுங்க."

கதிர்காமநாதன் இந்த முறை வெறும் பெயரை அடிக்கவில்லை. தபாலுக்கு விலாசம் எழுதுகிற மாதிரி, முதலில் வெளி அறை, அதற்குள் உள் அறை, அதற்குள் லோக்கல், அதற்குள் இருந்த அறை, கடைசியில் செக்ரோல் என்று நடுவில் சாய்கோடு போட்டு முழுசாக அடித்தார்.

கொஸ்லந்தைத் தோட்டங்களும் லுணுகலைத் தோட்டங்களும் வரிசையாக இறங்கின. கைதட்ட ஹுமைத்தும் நானும் மட்டும்தான் இருந்தோம். தட்டினோம்.

மறுநாள் கதிர்காமநாதன் கையேட்டைப் புரட்டிப் புரட்டி மிச்சத்தையும் கண்டுபிடித்தார். ஒருவர் தன் பெயரில் உள்ளே போகும்போது, எந்தெந்த அறையில் எந்த வரிசையில் தேடவேண்டும் என்று இயந்திரத்துக்கு ஒரு வரி சொல்லப்படுகிறது. பாதை என்று அதற்குப் பெயர். சொல்லாமல் விட்டால், அது வழக்கமான இரண்டு அறைகளோடு நின்றுவிடும். ஸரூக் தன் பெயருக்குரிய வரியில் மூன்றாவது அறையைச் சேர்த்துவிட்டு, எங்கள் பெயர்களுக்குச் சேர்க்க மறந்துவிட்டுப் போயிருந்தார். அல்லது ரயில் வேகத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கதிர்காமநாதன் எல்லோருக்கும் அந்த மூன்றாவது அறையைச் சேர்த்தார். பிறகு வெறுமனே செக்ரோல் என்று அடித்தாலே வந்தது.

ஆனால் லொறி வந்துகொண்டுதான் இருந்தது. கொழும்பின் கணக்கில் மென்பொருள் இன்னும் இல்லைதான். இல்லை என்று அறிவித்தவரே இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று பெரிய சேர் பிடிவாதமாக நின்று, கொழும்புக்கு ட்ரங்க் கோல் போட வைத்து, ரிசீவரைக் கதிர்காமநாதன் கையில் கொடுத்தார். தன் ஆயுளில் அவர் ஒரு இல்லையைத் திரும்ப எடுத்தது கிடையாது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க சேர், பதுளையிலருந்து. செக்ரோல் இருக்குங்க... இப்ப வரல சேர், முதல்லயிருந்தே உள்ளதான் இருந்துச்சு."

மறுமுனையில் சத்தம் போட்டது எங்களுக்கும் கேட்டது. அப்படியானால் இல்லை என்று சொன்னது யார்?

இயந்திரம்தான் சொன்னது. அது உண்மை. நான் சாட்சி, ஹுமைத்தும் சாட்சி சொல்வார். அதைச் சொல்லியிருந்தால் அவர் தலை தப்பியிருக்கும். ஆனால் இயந்திரம் பழுது என்று கொழும்பில் யாராவது எழுதியிருப்பார்கள், லொறியும் வந்திருக்கும். கதிர்காமநாதன் கம்ப்யூட்டர் அறைக் கண்ணாடிக்கு அப்பால் பச்சையாக மின்னிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தார்.

"நான்தான் சேர் சொன்னேன்," என்றார். "ரெண்டு இடத்துல பார்த்துட்டு இல்லைன்னுட்டேன். மெசின் நல்லாத்தான் இருக்கு. அதுமேல ஒரு குத்தமும் இல்ல."

நீண்ட நேரம் திட்டு வாங்கினார். "சரி சேர், சரி சேர்" என்று வாங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினபோது முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது. லொறி நின்றுவிட்டது. அவர் பெயரில் ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அதைத் தன் அலுமாரியில், கேட்டால் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த இயந்திரம் பழசாகிப் போகும்வரை அவரே அதற்குப் பொறுப்பாக இருந்தார். அவரிடம் ஏதாவது கேட்டால் இல்லை என்று சொல்வதை முழுசாக நிறுத்தவில்லை. "நான் பார்த்த இடத்துல இல்லை, மிஸ்" என்று சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஸரூக் ஒருமுறை பதுளைக்கு வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, மிகவும் எளிய விஷயம் என்று சொல்லி ரயில் வேகத்தில் விளக்கினார். கதிர்காமநாதன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படியாக அவர் தன் பதவியையும் பதுளையையும் காப்பாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அண்ணன் கடைப் படியை ஒருநாள்கூட மிதிக்காமல் தலைநிமிர்ந்து வாழ்ந்தார்.

இந்த இடம்வரை எழுதிச் சந்திரகாந்திக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எங்கள் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்:

"என்னக்கா, படியை மிதிக்கலன்னு எழுதிட்டீங்க? வேலை நிலைச்ச மறு ஞாயித்துக்கிழமையே கடைக்குப் போயிட்டாரே. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை தவறாது. அவங்கண்ணன் வேணாம்டா, வேணாம்டான்னு கையெடுத்துக் கும்பிட்டாரு, கேக்கல. யாராச்சும் ஒரு பூட்டு கேட்டா, அது மேசையிலயே இருந்தாலும், பின்கட்டு, மாடி, அட்டாலி எல்லாம் ஏறி இறங்கித் தேடிட்டுத்தான் எடுத்துக் குடுப்பாரு. அதுக்குள்ள அவங்களுக்கு லுணுகலை பஸ் போயிடும்."